சான்றிதழ்களின் ஆயுட்காலம்: ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் ஆசிரியர் வேலைக்குப் படித்த யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் பூட்டுள்ள தட்டில் ஒரு ஃபைல் இருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இளநிலைப் படிப்பின் ஆறு செமஸ்டர் தாள்கள், அவற்றைத் திரட்டிய கன்சாலிடேட்டட், புரொவிஷனல், கான்வகேஷன். முதுநிலைக்கும் பி.எட்.டுக்கும் திரும்ப இதே வரிசை. அதன்மேல் எம்.ஃபில்., நெட் அல்லது செட், டெட், தமிழ்வழியில் படித்ததற்கான சான்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு ஜெராக்ஸ், சுயசான்றொப்பத்துடன். இந்த ஃபைலை நிரப்ப ஒரு குடும்பம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கைச் செலவிடுகிறது. சில வீடுகளில் நகையும் நிலமும் இதற்குள்தான் போயிருக்கின்றன. ஆகவே இதன் மதிப்பு என்ன என்பதை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

சான்றிதழுக்கு மதிப்பு இரண்டு இடங்களில் பிறக்கிறது. ஒன்று வேலையின் வாசல், மற்றது வகுப்பறை. வாசலில் அதற்குள்ள மதிப்பை பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) ஒழுங்குமுறையும் அரசாணையும் நீதிமன்றத் தீர்ப்பும் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. வகுப்பறையில் அதற்குள்ள மதிப்பை எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அறிவார்கள். இரண்டாவதை எழுத எந்த விண்ணப்பப் படிவத்திலும் கட்டம் கிடையாது. முதலாவதோ, படித்து முடித்து வெளியே வந்தபிறகு எடைக்கல்லை மாற்றிவைக்கும் தராசில் நிறுக்கப்படுகிறது. நம் ஆசிரியர்களின் பெருந்துயரம் இந்தத் தராசில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. அதை நிறுவ எம்.ஃபில்.லைவிட நல்ல சான்று இல்லை.

கல்லூரி விரிவுரையாளர் பணிக்கு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை யு.ஜி.சி. 1991இல் கட்டாயமாக்கியது. அதன்பின் வந்த திருத்தங்களில் எம்.ஃபில்., பிஎச்.டி. முடித்தவர்களுக்கு விலக்கு வந்தது, சுருங்கியது, மீண்டும் விரிந்தது. 2006இல் செய்த திருத்தம் இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்த எம்.ஃபில். இருந்தால் நெட் வேண்டாம் என்றது. தமிழ்நாடு முழுக்க அந்தச் செய்தி பரவியது. பல பல்கலைக்கழகங்கள் எம்.ஃபில்.லைத் தொலைநிலையிலும் நடத்தின. சுயநிதிக் கல்லூரியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் நெட் விலக்குக்காகச் சேர்ந்தார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஊக்க ஊதிய உயர்வுக்காகச் சேர்ந்தார்கள். சனி, ஞாயிறுகளில் நேர்முகப் பயிலரங்கு, கோடை விடுமுறையில் ஆய்வேடு, மே மாத வெயிலில் பைண்டிங் கடையில் வரிசை என்று ஒரு தலைமுறை அந்தப் படிப்பை முடித்தது.

2009 ஜூலை 11 அன்று நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை அந்த விலக்கை எடுத்துவிட்டது. நெட், மாநிலத் தேர்வான ஸ்லெட் (செட்) இரண்டிலிருந்தும் விலக்கு வேண்டுமென்றால் அதே ஆண்டு வகுத்த புதிய நெறிமுறைப்படி பெற்ற பிஎச்.டி. வேண்டும் என்றது. தொலைநிலையில் எம்.ஃபில்., பிஎச்.டி. நடத்துவதற்கும் தடை வந்தது. பழைய விதியை நம்பிப் படித்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பி.சுசீலா எதிர் யு.ஜி.சி. என்ற வழக்கில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்குப் பரிசீலிக்கப்படும் வாய்ப்பு மட்டுமே விண்ணப்பதாரருக்கு உண்டு, பழைய தகுதியின்படிதான் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்கும் உறுதிப்பட்ட உரிமை அவருக்கு இல்லை என்பது அதன் சாரம். சட்டப்படி அதில் குறை காண முடியாது. ஆனால் ஒரு பட்டத்தின் வாசல் மதிப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் சொல்லவில்லை. 2022 நவம்பரில் வந்த ஒழுங்குமுறை எம்.ஃபில். படிப்பையே நிறுத்தியது. 2023 டிசம்பரில் அது அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்ல என்று யு.ஜி.சி. அறிவித்து, மாணவர்கள் சேர வேண்டாம் என்று எச்சரித்தது. முன்பே வாங்கியவர்களின் பட்டம் செல்லும். செல்லும் என்றால் எதற்கு என்ற கேள்விக்குத்தான் விடை சுருங்கிக்கொண்டே போகிறது.

வகுப்பறைக் கணக்கில் எம்.ஃபில்.லின் மதிப்பு வேறு. தாலுகா தலைநகரத்துக் கல்லூரியில் முதுநிலை வரை குறிப்பேட்டையும் கையேட்டையும் வைத்தே படித்துவந்த மாணவி ஒருத்தி, எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்கோ, கன்னிமாராவுக்கோ, ரோஜா முத்தையா நூலகத்துக்கோ, பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்கோ முதன்முதலாகப் போனது எம்.ஃபில். ஆய்வேட்டுக்காகத்தான். பழைய இதழ்க் கட்டைப் பிரித்து, தேதியைச் சரிபார்த்து, அடிக்குறிப்பு போடக் கற்றது அந்த ஓராண்டில்தான். பின்னாளில் அவர் வகுப்பில் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு வாக்கியம் சொன்னால் அதன் வேர் அங்கே இருக்கிறது. பல்கலைக்கழக வாசலில் தலைப்பு முதல் தடித்த அட்டை வரை எல்லாவற்றையும் விலைக்குச் செய்துகொடுத்த டைப்பிங் சென்டர்களும் இருந்தன என்பது உண்மை. அதற்கு மருந்து கண்டிப்பான வாய்மொழித் தேர்வும் நேர்மையான வெளித்தேர்வாளரும். நோயைக் காட்டிப் படிப்பையே மூடியதால் நஷ்டப்பட்டது நேர்மையாக எழுதியவர்கள்தான்.

பிஎச்.டி.யின் கதையும் இதே திசையில் போகிறது. 2018 ஒழுங்குமுறை, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு 2021 ஜூலை முதல் பிஎச்.டி. கட்டாயம் என்றது. அந்தத் தேதி 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது. 2023 ஜூலை வந்ததும் நெட், செட், ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. விருப்பத்துக்குரியது என்று திருத்தம் வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் கட்டாயம் என்ற சொல்லை நம்பிப் பதிவு செய்தவர்கள், வழிகாட்டி கிடைக்காமல் அலைந்தவர்கள், சம்பளமில்லா விடுப்பில் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் செய்த ஆய்வு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களை அவசரப்படுத்திய காரணம் மட்டும் வீணாகிவிட்டது.

தேர்வுச் சான்றுகளின் செல்லுபடிக் காலத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பான வேறுபாடுகள் தெரிகின்றன. நெட் தேர்ச்சி வாழ்நாள் முழுவதும் செல்லும். அதே தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். வாங்கினால் அந்த உதவித்தொகைக் கடிதத்துக்கு மூன்றாண்டு. 2024 முதல் அதே தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு முனைவர் பட்டப் படிப்பில் சேரலாம், அதற்கு ஓராண்டு. செட் தேர்ச்சி அந்தந்த மாநிலத்துக்குள் மட்டும் செல்லும். ஆனால் 2002 ஜூன் 1க்கு முன் ஸ்லெட் தேறியவர்கள் இந்தியாவில் எங்கும் விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் 18 அன்று நடந்த நெட் தேர்வுக்கு ஒரு நாள்தான் ஆயுள். மறுநாளே மத்திய கல்வி அமைச்சகம் அதை ரத்து செய்தது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று தேர்வெழுதியிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் வருவோம். இங்கே பொருள் இன்னும் கனமானது, ஏனென்றால் இதைச் சார்ந்து வாழும் குடும்பங்கள் அதிகம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் தொடர்ச்சியாக, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) 2010 ஆகஸ்ட் 23 அன்று அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் டெட் 2012 ஜூலை 12 அன்று நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள், தேறியவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. ஆசிரியர் பயிற்சியே தரம் கெட்டுவிட்டது என்று அன்று பலரும் எழுதினார்கள். அவர்கள் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. 150 வினாக்களுக்கு அன்று கொடுத்த நேரம் ஒன்றரை மணி. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த துணைத்தேர்வில் நேரத்தை மூன்று மணியாக்கினார்கள், தேறியவர் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. மூன்றே மாதத்தில் அத்தனை பேரும் புதிதாகப் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டிருக்க முடியாது. முதல் தேர்வு அளந்தது வாசிப்பு வேகத்தை. ஒரு தேர்வின் முடிவைக் கொண்டு பட்டத்தின் மதிப்பைத் தீர்மானிக்கும்போது, அந்தத் தேர்வு எதை அளந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

தேறியவர்களுக்கும் நிம்மதி வரவில்லை. பழைய மதிப்பெண்களையும் சேர்த்துத் தரவரிசை போடும் வெயிட்டேஜ் முறை வந்தது. 2014 அரசாணைப்படி பட்டதாரி ஆசிரியருக்கு டெட் மதிப்பெண்ணுக்கு 60, பி.எட்.டுக்கு 15, பட்டத்துக்கு 15, பன்னிரண்டாம் வகுப்புக்கு 10. தொண்ணூறுகளில் பிளஸ் டூ எழுதியவரின் மதிப்பெண்ணையும் இரண்டாயிரத்துப் பத்துகளில் எழுதியவரின் மதிப்பெண்ணையும் ஒரே அட்டவணையில் வைத்தார்கள். இடையில் மதிப்பெண் வழங்கும் முறை எவ்வளவு தாராளமாகிவிட்டது என்பது விடைத்தாள் திருத்திய எல்லோருக்கும் தெரியும். அதிக அனுபவமுள்ளவர் பின்னுக்குப் போனார். 2018இல் அந்த முறையைக் கைவிட்டு, டெட் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்று அரசாணை வந்தது. இதற்கிடையே டெட் சான்றிதழுக்கு ஏழாண்டு வரம்பு இருந்தது. 2013இல் தேறியவருடைய சான்று 2020இல் காலாவதியாயிற்று. 2021 ஜூனில், 2011 முதல் முன்தேதியிட்டு அதை வாழ்நாள் சான்றாக்கினார்கள். நல்ல முடிவுதான். அந்த இடைக்காலத்தில் ஒரு மனிதர் தன்னை எவ்வளவு தகுதியற்றவராக உணர்ந்திருப்பார் என்பதற்கு எந்த முன்தேதியும் ஈடு செய்யாது.

2023 ஆகஸ்ட் 11 அன்று, தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்தாறு வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பது தனிக் கலை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற அதன் அடிப்படையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்றவர்களுக்கு அது நியாயம் செய்தது. அதே நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பை அப்படி ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அதன்படி, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள, பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலையில் தொடர முடியாது. ஐந்தாண்டுக்குள் ஓய்வுபெறுவோர் தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. டெட் என்ற பெயரே உருவாவதற்கு முன், அன்றைய விதிப்படி முறையாகத் தேர்வாகி, கால் நூற்றாண்டு கரும்பலகை முன் நின்ற ஒருவரின் தகுதியைத் தெரிந்துகொள்ள நான்கு விடைகளில் ஒன்றைக் கறுக்கச் சொல்வது தவறான கருவி. அவர் வகுப்பில் போய் ஒரு வாரம் பின்பெஞ்சில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அதற்கு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டையும் மிச்சம் பிடிக்கத்தான் ஓ.எம்.ஆர். தாள்.

இனி ஒப்புமைச் சிக்கல். ஒரு பட்டம் இன்னொரு பட்டத்துக்குச் சமமா என்ற கேள்விக்கு நம்மிடம் அரசாணைகள் குவிந்திருக்கின்றன. பாடத்தில் பெரிய வேறுபாடு இல்லாமல் பெயரில் ஒரு முன்னொட்டு கூடியிருந்தாலே விண்ணப்பம் திரும்பிவரும். அப்போது பல்கலைக்கழகத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் அலைய வேண்டும். இளநிலை ஒரு பாடம், முதுநிலை வேறு பாடம் என்றால் கிராஸ் மேஜர் என்று பதவி உயர்வில் சிக்கல். பன்னிரண்டாம் வகுப்பு படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் அரசாணை 107 வந்தது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை கட்டாயமாயிற்று. குடும்பச் சூழலால் பள்ளியை விட்டு, வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்காகத்தான் திறந்தநிலைக் கல்வியே உருவானது என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

அமெரிக்காவில் இதே கேள்வியை வேறு விதமாகக் கையாளுகிறார்கள். தென் மாநிலக் கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பின் வழிகாட்டலின்படி, இளநிலை வகுப்புக்குக் கற்பிக்க முதுநிலைப் பட்டமும், கற்பிக்கும் பாடத்தில் குறைந்தது 18 செமஸ்டர் கிரெடிட் மணி அளவுக்கு முதுநிலைப் படிப்பும் வேண்டும். பட்டம் வேறு பாடத்தில் இருந்தால், குறைகிற மணிகளை நிரப்பக் கிராஜுவேட் சர்ட்டிபிகேட் என்ற குறும்படிப்பு இருக்கிறது. வரலாற்றில் எம்.ஏ. வாங்கியவர் ஆங்கிலத்தில் அந்தச் சான்றிதழை முடித்து ஆங்கிலமும் நடத்தலாம். அந்தக் குறும்படிப்புக்கு வாசலில் ஒரு திட்டவட்டமான பயன் உண்டு, அதை அளக்கத் தெளிவான அலகும் உண்டு. நம்மிடம் பெயரை ஒப்பிடுகிறார்கள், அங்கே படித்த மணிகளை எண்ணுகிறார்கள். இதில் அவர்கள் முறைதான் அறிவுக்குப் பொருந்துகிறது.

தமிழ்வழிச் சான்றும் ஒரு வரி பெறவேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு என்பது 2010 சட்டம். 2020 திருத்தத்துக்குப் பின் முதல் வகுப்பிலிருந்தே தமிழில் படித்ததை நிரூபிக்க வேண்டும். நோக்கம் சரியானது. ஆனால் முப்பது வயதில் ஒருவர் தன் ஒன்றாம் வகுப்புப் பள்ளியைத் தேடிப் போகும்போது அந்தப் பள்ளி மூடிக்கிடக்கலாம், பதிவேடு கரையானுக்குப் போயிருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு எளிய மாற்றுவழி ஒவ்வொரு வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் இருக்க வேண்டும்.

சம்பளக் கணக்கில் சான்றிதழின் எடை என்ன? இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒரே அரசுக் கலைக் கல்லூரியின் ஒரே துறையில் இருவர் இருக்கிறார்கள். இருவரிடமும் முதுநிலை, நெட், பிஎச்.டி. எல்லாம் உண்டு. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், அதற்குமேல் படிகள். பக்கத்து நாற்காலியிலிருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு 2023இல் உயர்த்திய பிறகு மாதம் 25,000 ரூபாய். வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019 ஜனவரியிலேயே சொல்லியிருக்கிறது. சான்றிதழ்கள் சமம், வகுப்பு சமம், விடைத்தாள் கட்டு சமம். ஆகவே அந்த இடைவெளிக்குக் காரணம் சான்றிதழ் அல்ல, பணியிடம். பணியிடத்தை நிரப்பாமல் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு தகுதி சேர்த்துக்கொண்டு வா என்று இளைஞர்களிடம் சொல்வது அநீதி. பள்ளி ஆசிரியர்களுக்கு இருந்த உயர்கல்வி ஊக்க ஊதிய உயர்வையும் 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அந்த நாளோடு மேலே படிக்க இருந்த ஒரு நேர்மையான காரணமும் குறைந்தது.

சுயநிதிக் கல்லூரிகளில் சான்றிதழுக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளில் ஒரிஜினலைக் கொடுத்துவிட வேண்டும் என்பது பல இடங்களில் எழுதப்படாத விதி. வேறு வேலை கிடைத்தாலும் ஃபைல் கைக்கு வராது. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்தது. அதே பாதுகாப்பு ஆசிரியருக்கும் அதே அழுத்தத்தோடு வேண்டும். ஆளைவிட்டுத் தனியே சான்றிதழ் வேலை பார்ப்பதும் நடந்திருக்கிறது. பொறியியல் கல்லூரிகளின் அங்கீகாரத்துக்காக ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இடம்பெற்றதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. 300க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அந்தக் கல்லூரிகளில் பணம் கட்டிய மாணவர்களுக்குக் கிடைத்தது ஆசிரியரின் பெயர் மட்டும்.

2020 ஊரடங்கில் வெபினாருக்கு வெபினார் கூகுள் படிவம் நிரப்பி வாங்கிய மின்சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் கையெழுத்திட்டவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் அவற்றின் எடை தெரியும்.

ஆக, வகுப்பறைக்குப் பயன்படும் சான்றிதழ் எது? என் மதிப்பீட்டில் இரண்டாண்டு பி.எட்.டில் இருபது வாரம் பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சி எல்லாவற்றையும்விட மேலானது. வழிகாட்டி ஆசிரியர் நேர்மையானவராக இருந்தால், ஒருவர் தன் குரல் எங்கே தேய்கிறது, எந்த இடத்தில் வகுப்பு கைவிட்டுப் போகிறது என்று அங்கேதான் கற்கிறார். ஆனால் 2015இல் பி.எட்.டை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக்கியபோது கூடிய நேரமும் கட்டணமும் எல்லாக் கல்லூரிகளிலும் அந்தப் பயிற்சிக்குப் போகவில்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் வரும் மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன. இன்னொரு பக்கம், ஐந்தாம் வகுப்புக்குக் கற்பிக்கப் பயிற்சிப் பட்டயம் கட்டாயம், எம்.ஏ.வுக்குக் கற்பிக்க எந்தக் கற்பித்தல் பயிற்சியும் வேண்டியதில்லை. வேலையில் சேர்ந்தபிறகு ஒரு மாத அறிமுகப் பயிற்சி உண்டு, அவ்வளவுதான். கல்லூரிக்கு வரும் கிராமத்துப் பிள்ளை முதல் செமஸ்டரில் ஏன் தடுமாறுகிறான் என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. உதவிப் பேராசிரியர் தேர்வில் மாணவர்கள் முன்னிலையில் ஒரு முழு வகுப்பு எடுக்கவைத்து, அதற்குக் கணிசமான மதிப்பெண் கொடுத்தால் எந்தச் சான்றிதழும் சொல்லாததை அந்த ஐம்பது நிமிடம் சொல்லும்.

அரசிடமும் யு.ஜி.சி.யிடமும் என்.சி.டி.இ.யிடமும் கேட்பது ஒன்றே. ஒருவர் ஒரு படிப்பில் சேரும் நாளில் எந்தத் தகுதி விதி இருந்ததோ அந்த விதியே அவருக்குச் செல்லும் என்ற ஒரு பிரிவை ஒவ்வொரு ஒழுங்குமுறையிலும் சேருங்கள். புதிய விதி புதிதாகச் சேர்பவர்களுக்கு இருக்கட்டும். பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்காகக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஆசிரியர் தகுதி பற்றிய 23ஆம் பிரிவை நாடாளுமன்றம் திருத்தலாம். 2017இல் ஒருமுறை திருத்தியிருக்கிறது.

இந்த ஆண்டு ஏதேனும் ஒரு படிப்புக்குப் பணம் கட்டப்போகும் தம்பி தங்கைகளுக்கு: அந்தப் படிப்பை அங்கீகரித்த ஆணையின் எண்ணையும் தேதியையும் எழுத்தில் கேளுங்கள், நீங்கள் விரும்பும் பணிக்கு அது இணை என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தில் தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். எந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாலும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.